பத்து மணிக்கு எஸ்எம்எஸ், பத்து ஐந்துக்கு வெப்சைட் இல்லை

கேள்வி: கொழும்பில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு ஹோட்டல் கம்பனியில் மார்க்கட்டிங் பார்க்கிறேன். பெந்தோட்டை, எல்ல, நுவரெலியா, நிலாவெளி, யாழ்ப்பாணம் என்று ஐந்து இடங்களில் எங்களுக்கு ஹோட்டல்கள் இருக்கின்றன. கடந்த டிசம்பரில் ஒரு வங்கியோடு சேர்ந்து கிரெடிட் கார்ட் ஒஃபர் போட்டோம். காலை 10 மணிக்கு வங்கி எஸ்எம்எஸ் அனுப்பியது. 10.05க்கு எங்கள் வெப்சைட் விழுந்தது, பகல் ஒன்றரை வரை எழும்பவில்லை. போதாததற்கு இரண்டு அறைகளுக்கு இரட்டை புக்கிங். பெரிய சேர்வர் ஒன்று வாங்கினால் சரி என்கிறார் எம்.டி. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஏஜென்சி 42 இலட்சம் ரூபாவுக்குக் கொட்டேஷன் தந்திருக்கிறது. இந்த டிசம்பரிலும் அதே வங்கியோடு ஒஃபர் இருக்கிறது. யார் சொல்வது சரி அண்ணா?
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

பதில்:

தங்கச்சி, எரர் படம், கொட்டேஷன், அன்றைய சேர்வர் லொக் (யார் எப்போது வந்து என்ன கேட்டார் என்று சேர்வர் எழுதி வைக்கும் பதிவு) எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் "சைட் சரியான ஸ்லோ, என்ன செய்யலாம்" என்ற ஒரு வரிதான் இருக்கும். வயிற்றுவலி என்று போனில் சொல்லி மருந்து கேட்பது மாதிரி.

லொக்கைப் பார்த்தபின் நேராகவே சொல்கிறேன். எம்.டி. சொல்வதும் சரியில்லை, ஏஜென்சி சொல்வதும் சரியில்லை. அன்றைக்கு உங்கள் தளத்துக்கு வந்தது அப்படியொன்றும் பெரிய கூட்டம் இல்லை. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்களுக்காகத் தளம் முறிந்து முறிந்து வேலை செய்திருக்கிறது. உண்மையில் புக் பண்ண வந்தவர் வந்து நின்றபோது அதற்கு மூச்சு இல்லை. பார்க்க வருபவரையும் புக் பண்ண வருபவரையும் பிரித்துவிட்டால் முக்கால்வாசிப் பிரச்சினை தீரும். மீதிக் கால்வாசியில்தான் உண்மையான வேலை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

எரர் படத்தில் வெள்ளைத் திரையில் 508 என்ற எண் தெரிகிறது. பலர் அதைக் கவனிக்க மாட்டார்கள். 500 என்றோ 503 என்றோ இருந்திருந்தால் நான் வேறு இடங்களில் தேடியிருப்பேன். 508 பெரும்பாலும் பகிர்வு ஹோஸ்டிங்கில் தொங்கும் பலகை. ஒரே மெஷினில் நூற்றுக்கணக்கான தளங்களைக் குடிவைத்து, ஒருவர் மற்றவரின் பங்கைத் தின்னாதபடி ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். உங்கள் திட்டத்தில் ஒரே நேரத்தில் 20 புரொசஸ், அதாவது ஒரே நேரத்தில் இருபது பேருக்குத்தான் பக்கம் தயாரிக்கும். இருபத்தோராவது ஆள் வந்தால் 508. ஐந்து ஹோட்டல் வைத்திருக்கும் கம்பனி, தெருமுனை சலூனின் வெப்சைட்டோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறது. இந்த ஒரு விடயத்தில் எம்.டி. பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு, இங்கிருந்து வெளியேறத்தான் வேண்டும். ஆனால் வெளியேறினால் மட்டும் போதாது.

காலி வீதியில் பின்னேரம் ஏதாவதொரு சாப்பாட்டுக் கடைக்குள் போய்ப் பாருங்கள். இடியப்பம் முன்கூட்டியே அவித்து அடுக்கி இருக்கும். ஐம்பது பேர் ஒரேயடியாக வந்தாலும் எடுத்துச் சுற்றிக் கொடுத்துவிடலாம். கொத்து அப்படி இல்லை. ஓடர் வந்த பிறகுதான் கல்லில் போட்டு அடிக்க வேண்டும், ஒரு கல்லில் ஒரு நேரத்துக்கு இவ்வளவுதான். உங்கள் தளம் வருகிற எல்லாருக்கும் கொத்து அடித்துக்கொண்டிருக்கிறது. நிலாவெளியில் நீச்சல் குளம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தவருக்கும் கொத்துத்தான்.

இது ஏன் என்று லொக்கில் தேடினேன். முகப்புப் பக்கத்தில் ஒவ்வொரு ஹோட்டல் படத்தின் கீழும் "இன்றைய விலை இவ்வளவிலிருந்து" என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது அல்லவா? வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் யாராவது முகப்பைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் சேர்வர், புக்கிங் மென்பொருள் வைத்திருக்கும் வெளிக் கம்பனியின் சேர்வரிடம் ஐந்து தரம் போய் விலை கேட்டு வருகிறது. சாதாரண நாளில் அதற்கே இரண்டு விநாடி. வாசலில் எட்டிப் பார்க்கிற ஆளுக்காக ரிசப்ஷனில் இருக்கும் பிள்ளை ஐந்து ஊருக்கும் போன் போட்டு விலை கேட்டால் எப்படி இருக்கும்? பெரிய சேர்வர் வாங்கினாலும் அதுவும் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்துத்தான் நிற்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். இருபது புரொசஸ், ஒரு பக்கத்துக்கு இரண்டு விநாடி. ஆக விநாடிக்குப் பத்துப் பக்கங்கள்தான் உங்களால் கொடுக்க முடியும். எஸ்எம்எஸ் கிடைத்தவர்களில் 6,000 பேர் முதல் பத்து நிமிடத்தில் லிங்கை அழுத்தினார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு நான்கு பக்கம் பார்த்தால் 24,000 பக்கம். பத்து நிமிடம் என்றால் 600 விநாடி, ஆக விநாடிக்கு 40. பத்துக் கொடுக்கக்கூடிய இடத்தில் நாற்பது கேட்டால் வரிசை நீண்டுகொண்டே போகும். பக்கம் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? விரலால் இழுத்து இன்னொரு தரம் கேட்கிறோம். முதலில் கேட்டதைச் சேர்வர் இன்னும் செய்துகொண்டிருக்கிறது, ஆள் அதைக் கைவிட்டுவிட்டார் என்று அதற்குத் தெரியாது. நாற்பது எண்பதாகும். மூன்றரை மணித்தியாலம் எழும்ப முடியாமல் போனது இப்படித்தான். எம்.டி. விரும்புகிறபடி இரண்டு மடங்கு பெரிய சேர்வர் வாங்கியிருந்தால் விநாடிக்கு இருபது. அப்போதும் விழுந்திருக்கும், ஐந்து நிமிடம் பிந்தி.

இப்போது பிரித்துப் பாருங்கள். முகப்பு, அறைப் படங்கள், சாப்பாட்டு மெனு, ஒஃபர் விபரம் எல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான். அவற்றை ஒரு தரம் தயாரித்து, ஆக்கிய பக்கமாகவே அடுக்கி வைக்கலாம். விலைப் பெட்டிக்கு, பின்னணியில் ஒரேயொரு வேலை கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஓடி ஐந்து ஹோட்டல்களின் விலையையும் கேட்டு எழுதி வைத்தால் போதும். நாளைக்கு 480 அழைப்பு. டிசம்பரில் அந்த ஒரு காலையில் மட்டும் பல்லாயிரம் போயிருந்தன. மீதி, திகதி போட்டு அறை தேடுகிறவர்கள். 6,000 பேரில் 1,200 பேர் ஆளுக்கு மூன்று தரம் தேடினார்கள் என்றாலும் 3,600 தேடல், விநாடிக்கு ஆறு. இதை ஒரு நடுத்தர விபிஎஸ் சேர்வர் (ஒரு மெஷினில் உங்களுக்கென்றே ஒதுக்கிய பங்கு) அலட்டிக்கொள்ளாமல் செய்யும். 42 இலட்சத்துக்கு இங்கே இடமே வரவில்லை.

இந்தப் பிழையில் உங்களுக்குப் பெரிய கூட்டாளிகள் உண்டு. அமெரிக்க அரசு 2013 ஒக்டோபர் 1ஆம் திகதி ஹெல்த்கெயார்.கொவ் என்ற மருத்துவக் காப்புறுதித் தளத்தைத் திறந்தது. என்ன திட்டங்கள் இருக்கின்றன என்று சும்மா பார்ப்பதற்கே முதலில் கணக்குத் திறக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். பார்க்க வந்தவர், வாங்க வந்தவர் எல்லாரும் ஒரே ஒடுங்கிய வாசலில் முட்டினார்கள். தளத்தில் வேறு கோளாறுகளும் இருந்தன. முதல் நாள் முழுதும் பதிவை முடித்தவர்கள் ஆறு பேர். ஆறாயிரம் இல்லை, ஆறு.

ஆக்கிய பக்கத்தை எடுத்து வைப்பதற்குத் தொழிலில் கேஷ் என்று பெயர். உங்கள் எம்.டி.யிடம் இந்தச் சொல்லைக் கவனமாகச் சொல்லுங்கள், "கேஷ் போட வேண்டும்" என்றால் கணக்குப் பிரிவு எழும்பி நிற்கும். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லாருக்கும் ஒன்றான பக்கத்தைத்தான் எடுத்து வைக்கலாம், ஒருவருக்கே உரிய பக்கத்தை ஒருபோதும் வைக்கக் கூடாது. 2015 நத்தார் தினத்தில் ஸ்டீம் என்ற வீடியோ கேம் விற்கும் தளத்தில் இந்த அமைப்பு பிழைத்தது. ஒருவர் தன் கணக்கைத் திறந்தால் இன்னொருவரின் மின்னஞ்சலும் வாங்கிய பொருட்களும் தெரிந்தன. ஏறக்குறைய 34,000 பேரின் விபரம் அப்படி வெளியே போனது. உங்கள் புக்கிங் பக்கத்தில் விருந்தினரின் பாஸ்போர்ட் இலக்கம் இருக்கிறது. நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதனால் புக்கிங் பகுதியைத் தனி முகவரியில், தனிச் சேர்வரில் வையுங்கள். அங்கே கேஷ் வேண்டாம். முகப்பில் தடுமாற்றம் வந்தாலும் புக்கிங் கவுண்டர் திறந்திருக்கும் என்பது இதில் கிடைக்கும் இன்னொரு இலாபம்.

பிரதிகளைப் பல ஊர்ச் சேர்வர்களில் வைத்துக் கொடுக்கும் சிடிஎன் சேவை ஒன்றின் பின்னால் ஆக்கிய பக்கங்களை வைத்தால் அவை வாசகருக்குக் கிட்டவே இருந்து போகும். கிளவுட்ஃபிளேயார் என்ற சிடிஎன் கம்பனிக்குக் கொழும்பிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. புக்கிங் சேர்வரை சிங்கப்பூரிலோ மும்பாயிலோ வையுங்கள், இரண்டும் பரவாயில்லை. "கிளவுட்டில் போட்டால் தானாகவே விரியும்" என்று ஏஜென்சி எழுதியிருக்கிறது. விரியும்தான், பில்லும் கூடவே விரியும், அதுவும் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 203 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். தானாக விரிவதற்கு ஒரு மேல்வரம்பு போடுங்கள், பில் ஒரு தொகையைத் தாண்டினால் உங்கள் போனுக்கு அறிவிப்பு வரும்படி செய்யுங்கள். இதை முதல் நாளே செய்ய வேண்டும், பில் வந்த பிறகு இல்லை.

முகப்புப் பக்கத்தின் பாரத்தையும் பார்த்தேன். 46 எம்பி. அதில் 31 எம்பி, பெந்தோட்டைக் கடற்கரைக்கு மேலால் பறக்கும் ட்ரோன் வீடியோ, திறந்தவுடன் தானாக ஓடுகிறது. நீச்சல் குளப் படம் ஒன்று 7.8 எம்பி, கமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றியிருக்கிறார்கள், 5,472 பிக்சல் அகலம். போனில் பார்ப்பவருக்கு ஆயிரம் பிக்சல் போதும். வெப்பி என்ற, பாரம் குறைந்த பட வடிவத்துக்கு மாற்றினால் 100 கேபி சுற்றுவட்டாரத்தில் வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 6,000 பேருக்கு 46 எம்பி என்றால் 276 ஜிபி. பஸ்ஸில் நின்றபடி கார்ட் ஒஃபர் பார்க்கிறவரின் டேட்டாவில் உங்கள் ட்ரோன் பறக்கிறது. பக்கத்தின் பிரதான படம் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். உங்கள் முகப்பு என் போனில் பதினொரு விநாடி எடுத்தது, அதுவும் வீட்டு வைஃபையில்.

(இதோடு ஒட்டி ஒன்று. யாழ்ப்பாணத்தில் ஹோட்டல் வைத்துக்கொண்டு, நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் அறை நிரம்பும் என்று சொல்லிக்கொண்டு, தளத்தில் ஒரு வரி தமிழ் இல்லை. புதிதாகக் கட்டும்போது யாழ்ப்பாணப் பக்கத்தையாவது தமிழிலும் போடுங்கள். எழுத்துரு ஒன்று, சாதாரணம், தடிப்பு என்று இரண்டே வகை. ஐந்தாறு வகைத் தமிழ் எழுத்துருவை ஏற்றிப் பக்கத்தைப் பாரமாக்க வேண்டாம்.)

சரி, அந்தக் கால்வாசிக்கு வருவோம். இரட்டை புக்கிங்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று லொக்கில் துல்லியமாகத் தெரிகிறது. நுவரெலியாவில் ஒரு அறை மிச்சம். 10.03க்கு ஒருவர் "இருக்கிறதா" என்று கேட்கிறார், இருக்கிறது என்று பதில். நான்கு விநாடி கழித்து இன்னொருவர் கேட்கிறார், அவருக்கும் இருக்கிறது. இருவரும் வங்கியின் கட்டணப் பக்கத்துக்குப் போகிறார்கள், இருவரும் காசு கட்டுகிறார்கள், இருவருக்கும் உறுதி மெயில் போகிறது. மென்பொருள் முதலில் பார்க்கிறது, பிறகு எழுதுகிறது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் இருக்கும் சந்து சாதாரண நாளில் யாருக்கும் தெரியாது, கூட்டம் வந்தால் அந்தச் சந்துக்குள் இரண்டு பேர் நுழைந்துவிடுவார்கள். இதைச் சேர்வர் பலத்தால் தீர்க்க முடியாது. கெதியான சேர்வர் என்றால் கெதியாக இரண்டு பேருக்கு விற்கும், அவ்வளவுதான்.

அறையைப் பார்ப்பதும் பிடிப்பதும் டேட்டாபேஸில் ஒரே அடியில் நடக்க வேண்டும். கட்டணப் பக்கத்துக்குப் போகும் முன்பே அந்த அறையை 15 நிமிடத்துக்கு அவர் பேரில் பிடித்து வைத்து, காசு வராவிட்டால் தானாக விட்டுவிட வேண்டும். ஏன் ஐந்து நிமிடம் போதாது என்று கேட்பீர்கள். கார்ட் ஓடிபி எஸ்எம்எஸ் வர வேண்டும். வங்கி இலட்சக்கணக்கில் ஒஃபர் எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் ஓடிபி பிந்தினால் பாவம், ஆள் என்ன செய்வார்? தேடும் பக்கத்தில் அறை எண்ணிக்கை ஒரு நிமிடம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. காசு வாங்கும் இடத்தில் ஒரு விநாடிகூடப் பழையதாக இருக்கக் கூடாது. ஏஜென்சியிடம் இதைத் தனி நிபந்தனையாக எழுதி வாங்குங்கள். ஒஃபர் நாளில் புக்கிங்.கொம், அகோடா பக்கம் காட்டும் அறைகளில் ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒன்றிரண்டைக் குறைத்தும் வையுங்கள். அங்கே விற்றது உங்கள் பக்கம் தெரியச் சில நிமிடம் பிடிக்கலாம்.

இன்னொன்றை நான் அடிபட்டுப் படித்தேன். சில வருடங்களுக்கு முன் மலைநாட்டு ஹோட்டல் ஒன்றுக்கு நான் எழுதிக்கொடுத்த தளம். காசு கட்டியவர் வங்கிப் பக்கத்திலிருந்து எங்கள் பக்கத்துக்குத் திரும்பி வந்ததும் புக்கிங் உறுதியாகும்படி செய்திருந்தேன். புதிதாகக் கலியாணம் செய்த ஒரு சோடி காசு கட்டியிருக்கிறது, அந்தக் கணத்தில் போன் சார்ஜ் முடிந்து அணைந்துவிட்டது. வங்கியில் காசு போய்விட்டது, எங்களிடம் புக்கிங் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு நல்ல மழைக்குள் பெட்டியோடு வந்து நிற்கிறார்கள், ஹோட்டல் நிரம்பி வழிகிறது. மெனேஜர் தன் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்தார். அடுத்த நாள் காலை எனக்கு வந்த போனை இப்போதும் மறக்கவில்லை. காசு வந்த செய்தியை வங்கியின் சேர்வர் உங்கள் சேர்வருக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும், புக்கிங் அதை வைத்துத்தான் உறுதியாக வேண்டும். விருந்தினரின் போனை நம்பக் கூடாது. அதே செய்தி சில நேரம் இரண்டு தரமும் வரும், வந்தால் இரண்டு புக்கிங் விழக் கூடாது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி இலக்கம் கொடுத்து, அந்த இலக்கம் ஏற்கெனவே முடிந்துவிட்டதா என்று பார்த்தால் சரி.

இனிக் கொட்டேஷன். 42 இலட்சத்தில் பாதிக்கு மேல் இரண்டு வரிக்குப் போகிறது. ஒன்று, உள்ளடக்கத்தையும் முகப்பையும் தனித்தனி மென்பொருளாக்கி எல்லாவற்றையும் குபர்நெட்டீஸ் என்ற, பல சேர்வர்களை ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பில் ஓட்டுவது. மற்றது, மொபைல் அப். அப் வேண்டாம். வருடத்துக்கு ஒரு தரம் எல்லவுக்குப் போகிறவர் அதற்காக ஓர் அப் இறக்க மாட்டார். குபர்நெட்டீஸ் நல்ல சாமான்தான், நானே வேறு இடங்களில் பாவிக்கிறேன். ஆனால் டிசம்பர் 31 பின்னேரம் ஆறு மணிக்கு, இரவு விருந்தின் விலையை மாற்ற வேண்டும் என்று பெந்தோட்டையிலிருந்து போன் வரும். அப்போது யார் மாற்றுவது? உங்கள் அலுவலகத்தில் இருப்பது நீங்களும் அரைநாள் வரும் ஒரு தம்பியும். இப்போது தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் உங்களுக்குக் கை வந்தது, அதையே வைத்திருங்கள். அதன் முன்னால் பக்கங்களை ஆக்கி அடுக்கும் கேஷும் சிடிஎன்னும், பக்கத்தில் தனிப் புக்கிங் பகுதியும் வந்தால் போதும். இந்த இரண்டு வரியையும் வெட்டிவிட்டு, மீதிக்குத் திருத்திய கொட்டேஷன் கேளுங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

லொக்கில் கண்ட ஒரு வேடிக்கை. உங்கள் நாட்காட்டிப் பக்கத்தில் ஏதோவொரு பொட் (தானாகவே தளங்களை மேயும் மென்பொருள்) "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்று அழுத்தி அழுத்தி 2041 வரை போயிருக்கிறது, ஐந்து ஹோட்டலுக்கும். நிலாவெளியில் 2041 ஒக்டோபரில் அறை இருக்கிறதா என்று அது கேட்க, உங்கள் சேர்வர் பொறுப்பாகத் தேடிப் பதில் சொல்லியிருக்கிறது. நாட்காட்டியைப் பதினெட்டு மாதத்தோடு நிறுத்துங்கள். ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை தேடலுக்கு மேல் வந்தால் தடுக்கச் சிடிஎன்னிலேயே வழி உண்டு.

செலவே இல்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. வங்கியின் மார்க்கட்டிங் பிரிவோடு கதையுங்கள். எஸ்எம்எஸ்ஸை எல்லாருக்கும் 10 மணிக்கே அனுப்ப வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. நான்கு பங்காகப் பிரித்து அரை மணித்தியாலத்துக்கு ஒன்றாக அனுப்பச் சொல்லுங்கள். விநாடிக்கு நாற்பது பத்தாகிவிடும். லிங்க் முகப்புக்குப் போகாமல் ஒஃபர் பக்கத்துக்கே போகட்டும், அந்தப் பக்கத்தில் வீடியோ எதுவும் வேண்டாம். கடந்த தடவை வங்கி எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு அனுப்பப்போகிறது என்பதே உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். இந்த முறை அதை எழுத்தில் வாங்குங்கள்.

கட்டி முடித்ததும் சோதனை. கே6, ஜேமீட்டர் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன, செயற்கையாகக் கூட்டத்தை உண்டாக்கித் தரும். ஐம்பது பேரில் தொடங்கி நூறு, ஐந்நூறு என்று ஏற்றி, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். வங்கியின் கட்டணப் பக்கத்தின் மேலோ, புக்கிங் மென்பொருள் கம்பனியின் மேலோ சொல்லாமல் இந்தச் சோதனையை விடாதீர்கள். தாக்குதல் என்று நினைத்து உங்களையே தடுத்துவிடுவார்கள். ஹோஸ்டிங் கம்பனிக்கும் ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

மாற்றும் நாள் பற்றி. தெற்குக் கரைக்கு டிசம்பரில் சீசன் தொடங்கும், கிழக்குக்கு ஏறக்குறைய செப்டெம்பரோடு முடியும். உங்களிடம் இரண்டு கரையிலும் ஹோட்டல் இருப்பதால் ஒக்டோபர்தான் மூச்சு விடும் மாதம். ஒக்டோபர் நடுவில் மாற்றி, நவம்பரில் ஒரு போயா வார இறுதிக்குச் சின்ன ஒஃபர் போட்டு ஒத்திகை பாருங்கள். டிசம்பர் 1க்குப் பிறகு தளத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, விலையும் படமும் மாற்றுவது தவிர. பழைய பக்கங்களின் முகவரிகளை எல்லாம் எழுதி எடுத்து, ஒவ்வொன்றையும் புதிய பக்கத்துக்கு 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்ற அறிவிப்பு) மூலம் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் கூகுளில் இத்தனை வருடம் சேர்த்த இடம் போய்விடும்.

டிஎன்எஸ் (தளத்தின் பெயர் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவு) மாற்றுவதற்குச் சில நாள் முன்பே அதன் டிடிஎல்லை, அதாவது பழைய பதிவை மற்றச் சேர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 86,400 விநாடியிலிருந்து 300க்குக் குறைத்து வையுங்கள். பிழைத்தால் ஒரு நாள் காத்திராமல் ஐந்து நிமிடத்தில் திரும்பலாம். மெயில் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளை மறக்காமல் பிரதி எடுங்கள். இது என்னுடைய இன்னொரு தழும்பு. ஒரு தடவை தளத்தை மட்டும் கவனமாக மாற்றிவிட்டு அந்த இரண்டு வரியை விட்டுவிட்டேன். ஒன்றரை நாள் கம்பனிக்கு ஒரு மெயிலும் வரவில்லை. ரிசவேஷன் பிரிவு "இன்றைக்கு வேலை குறைவு" என்று சந்தோசமாக இருந்திருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் விழலாம். அதற்கு ஒரு சின்னப் பக்கம் தயாராக இருக்கட்டும்: ஒஃபர் விபரம், ஹொட்லைன் இலக்கம், வட்ஸ்அப் இலக்கம், "உங்கள் திகதியை அனுப்புங்கள், இன்று மாலைக்குள் பதில் தருவோம்" என்று ஒரு வரி. சிடிஎன்னில் இருப்பதால் சேர்வர் செத்தாலும் அது தெரியும். 508 என்ற வெள்ளைத் திரையைப் பார்த்தவர் அடுத்த ஹோட்டலுக்குப் போவார். இதைப் பார்த்தவர்களில் பாதிப் பேராவது மெசேஜ் போடுவார்கள். அன்றைக்கு வட்ஸ்அப்புக்கு இரண்டு பேரைக் கூடுதலாக இருத்துங்கள்.

இதில் எதையும் தொடங்க முன்னர், இன்றைக்கே அந்த ட்ரோன் வீடியோவை முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு ஏஜென்சியும் தேவையில்லை, கொட்டேஷனும் தேவையில்லை. எம்.டி.யின் மகன் எடுத்த வீடியோ என்று எழுதியிருந்தீர்கள், அதுதான் யோசனை. பெந்தோட்டைப் பக்கத்தின் அடியில், அழுத்தினால் மட்டும் ஓடுகிற மாதிரி, அவருடைய பெயரும் போட்டு வைத்துவிடுங்கள்.